ரிஹாபின் காதும் ரப்பர் தொப்பியும்

செங்கடலோரத்து எங்கள் குஸைர் கரையில் ரிஹாபைவிட நன்றாக நீந்துகிறவன் ஒருவனும் இல்லை. இதை நாங்கள் வேலை பார்க்கும் சுற்றுலாப் படகில் சொன்னால் அடிக்க வருவார்கள். மீனவர் வீட்டுப் பெண். காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு விருந்தாளிகளைப் பவளப்பாறைக்கு அழைத்துப் போகும் வழிகாட்டியாக வேண்டும், அது ஒன்றுதான் அவள் ஆசை. ஆனால் இரண்டாள் ஆழம் போனதுமே காது பிளப்பதுபோல் வலித்து மேலே வந்துவிடுவாள்.

ஆழம் போகப் போகக் கடல் காதை அழுத்தும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் உள்ளிருந்தும் காற்று தள்ளும், சரியாகிவிடும். எங்களுக்கு அது கொட்டாவி விடுகிற மாதிரி. அவளுக்கோ ஊத ஊத வலி கூடியது.

உபதேசத்துக்கா பஞ்சம்? "பலமா ஊதும்மா!" என்பார் படகுக்காரர் ரயிஸ் ஷாஸ்லி. "பொம்பளைங்க காது தோடு தாங்கும், கடலத் தாங்குமா?" என்பான் சமையற்காரன் பகீத். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் ஃபூல் பயற்றுக் குழம்பில் ரொட்டியைத் தோய்த்துத் தின்பாள்.

கடைசியில் ரயிஸ் சொல்லிவிட்டார்: "இன்னிக்கும் கீழ போகலைன்னா விட்டுடும்மா. நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

அன்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் அவளோடு இறங்கினேன். அதே ஆழத்தில் நின்றாள். ஊதினாள், துடித்தாள். மேலே போகலாமா என்று கட்டைவிரலைக் காட்டினேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். ஊதும்போது வலி கூடுகிறதென்றால் கோளாறு உள்ளே இல்லை, வெளியே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது. முடி தெரியாமலிருக்க அவள் போடும் ரப்பர் தொப்பி காதோடு ஒட்டிப் பிடித்திருந்தது. கடல்நீர் உள்ளே போய் எதிர்த்துத் தள்ள வழியே இல்லை. இவள் ஊதியதெல்லாம் செவிப்பறையை வெளிப்பக்கம் பிதுக்கியதுதான் மிச்சம். தொப்பியைக் கழற்றினால் அக்கணமே தீரும். கழற்றமாட்டாள், எனக்குத் தெரியும். ஓரத்தில் விரலை நுழைத்துக் காதுப் பக்கம் இலேசாகத் தூக்கினாள். குமிழிகள் கிளம்பின. கண் விரிந்தது. மற்றக் காதுக்கும் அப்படியே செய்தாள்.

பிறகு என்னை முந்திக்கொண்டு அடிவரை போனாள். பாவி மகள், மணலை அள்ளி என் முகத்துக்கு நேரே காட்டினாள். எனக்குக் கண்ணாடிக்குள்ளேயே கண் கலங்கிவிட்டது.

மேலே வந்து ஏணியில் நின்றவளிடம் ரயிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாளைலேருந்து விருந்தாளிங்கள நீயே கூட்டிட்டுப் போ" என்றார், கொஞ்சம் மெதுவாக.

"காதெல்லாம் தண்ணி, ரயிஸ். கேக்கல."

அவர் உரக்கச் சொன்னார். அவள் காதைத் தட்டிக்கொண்டு, "என்னங்க?" என்றாள். பக்கத்துப் படகுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார் மனிதர்.

முதல் தடவையே அவளுக்கு நன்றாகக் கேட்டிருக்கும்.