பாறையே இல்லாத ஊரில் ஒரு நங்கூரம்

இறால் பண்ணையை விட்டு நடந்துகொண்டிருந்தேன். புன்னக்காயலுக்குத் தெற்கே, கடலோரமாக. ஒரே வாரத்தில் இறால் எல்லாம் செத்து மிதந்ததில் முதலாளிக்கு எங்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை. எங்களுக்கும் இறாலைப் பார்க்கப் பிடிக்கவில்லை. தோளில் ஒரு பை, அதன்மேல் சுருட்டிய பாய்... இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இந்தக் கோலம் பழகியிருக்கும்.

கரையோரம் ஒரு வெள்ளைப் பாய்மரப் படகு மணலில் தட்டிச் சாய்ந்து நின்றது. பக்கத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பெரியவர். நெற்றி நிறையத் திருநீறு. கழுத்தில் உருத்திராட்சம். இடுப்பில் அரை டிராயர்.

"கொஞ்சம் கை குடும்வே. தள்ளணும்."

தள்ளினேன். ஒரு மணி நேரம் தள்ளினோம். கடைசியில் தண்ணீர் ஏறித் தானாகவே மிதந்தது.

அவர் பெயர் சங்கரலிங்கம். அணை, மதகு, வாய்க்கால் என்று முப்பது வருடம் வேலை பார்த்து ரிட்டயரான இன்ஜினீயர். படகு, யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் தூத்துக்குடியில் விட்டுவிட்டுப் போன யாட். ஏலத்தில் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் தன் பங்குக்கு வந்த வாழைத் தோட்டத்தை விற்று இதை எடுத்திருக்கிறார். அன்றிலிருந்து பையன்கள் பேசுவதில்லை. இனி அவருக்கு வீடு, தோட்டம், பூஜை அறை எல்லாம் இந்த இருபத்தெட்டு அடிதான்.

"கன்னியாகுமரி போயிச் சேரணும். அம்மனைக் கடல்ல நின்னு கும்பிடணும். அவ்வளவுதான்" என்றார்.

"எனக்கு என்ன வேலை அண்ணாச்சி?"

"பகல்ல நான் ஓட்டிருவேன். சாயங்காலமானா எங்க நிறுத்தன்னு கரையில கேட்டுச் சொல்லணும். நான் கேட்டா இவனுவோ சிரிக்கானுவோ."

சின்ன வேலை என்றுதான் நினைத்தேன். காரில் போகிறவருக்கு இருட்டினால் ஒரு லாட்ஜ் போதும். படகில் போகிறவருக்கு? காற்று நேராக அடிக்கக் கூடாது. ஆழம் வேண்டும், அதிகம் வேண்டாம். காற்றுத் திரும்பினால் படகு நங்கூரத்தைச் சுற்றி வருவதற்கு இடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அடியில் நங்கூரம் கடித்துக்கொள்கிற மாதிரி சகதியோ மணலோ இருக்க வேண்டும். இத்தனையும் சேர்ந்த இடம், வாடகை குறைந்த நல்ல வீடு மாதிரி. இருக்கும். நமக்குக் கிடைக்காது.

முதல் நாள் சாயங்காலம் ஒரு மீனவர் ஊரில், காற்றடித்த ரப்பர் படகில் கரைக்குப் போய்க் கேட்டேன். "ராத்திரி படகை நிறுத்த நல்ல இடம் எது?"

"இங்கனயே கொண்டாங்க. நம்ம துறையில அலையே தெரியாது" என்றார்கள். கூப்பிட்ட வேகத்தில் நாற்பது பேர், உருட்டுக் கட்டைகளோடு வந்து நின்றார்கள். அண்ணாச்சியும் நம்பிக் கொண்டுவந்தார். கரைக்கு வெகு முன்னாலேயே படகு தட்டி நின்றது. ஒருவர் முங்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்னவே, இதுக்குக் கீழ ஒரு வயிறு தொங்குது?"

"யாட்டுன்னா அப்படித்தான். அடியில ஈயக் கட்டி இருக்கும்."

"அப்ப எப்படிக் கரையேத்துவிய?"

"ஏத்த மாட்டோம். தண்ணியிலயே நிக்கும்."

"ராத்திரியுமா?"

"ராத்திரியும்."

"நீங்க?"

"உள்ளதான் படுப்போம்."

நாற்பது பேரும் உருட்டுக் கட்டைகளைக் கீழே போட்டார்கள். பிறகு ஒருவர் பைய என்னிடம் கேட்டார். "வீட்ல ஏதும் சண்டையா?"

அண்ணாச்சி மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் சொன்னது பொய் இல்லை. இந்தக் கரையில் படகுகள் தரையில்தான் தூங்குகின்றன. நிறுத்த நல்ல இடம் என்றால் இழுத்துப் போட நல்ல மணல் என்று அர்த்தம். படகைக் கடலில் விட்டுவிட்டு அதற்குள்ளேயே படுக்கிற மனிதனை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. கேள்வி சரியில்லை என்றால் உண்மையான பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எனவே மறுநாள் கேள்வியை மாற்றினேன்.

அந்த ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். பெரியதாழைக்கும் உவரிக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையில் ஒருவர் தனியாக உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். சூசை என்று பெயர். வயது ஐம்பது இருக்கும். முன்பு சங்கு குளித்தவர், இப்போது சொந்தமாக ஒரு வள்ளம்.

"அண்ணே, இங்க அடி எப்படி? மணலா, சகதியா, பாறையா?"

அவர் ஊசியை நிறுத்தவே இல்லை. "பாறையா? இங்கன பாறையே கெடையாது. எல்லாம் சகதி."

"எங்கயுமே இல்லையா?"

"எங்க அப்பா காலத்துலயும் கெடையாது."

இவ்வளவு தெளிவான பதில் எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. ஓடிப்போய் அண்ணாச்சியிடம் சொன்னேன்.

அலை உடைகிற இடத்துக்கு வெளியே, ஆறு பாகம், அதாவது முப்பத்தாறு அடி ஆழத்தில் அண்ணாச்சி ஓர் இடம் பார்த்தார். அடியைச் சோதிக்க அவரிடம் ஒரு வழி உண்டு. ஈயக் குண்டின் அடியில் சோப்பை அப்பிக் கயிற்றில் இறக்குவார். மணல் என்றால் சோப்பில் மணல் ஒட்டிவரும், சகதி என்றால் சகதி. இறக்கினார். சோப்பு வெறுமனே வந்தது. மறுபடியும் வெறுமனே வந்தது. வெறுமனே வந்தால் பாறை.

ஆனால் ஊர்க்காரர் பாறையே கிடையாது என்கிறாரே?

சோப்பு சரியில்லை என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். நங்கூரத்தைப் போட்டோம். நன்றாகப் பிடித்தது.

அடுத்து, வழக்கமான வேலை. நங்கூரம் போட்டதும் கரையில் ஒன்றன் பின்னால் ஒன்றாகத் தெரிகிற இரண்டு பொருள்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். பக்கவாட்டில் இன்னொரு ஜோடி. அவை நேராக இருக்கும் வரை படகு நகரவில்லை என்று பொருள். விலகினால் நங்கூரம் இழுபடுகிறது, எழுந்து ஓடு. அண்ணாச்சிக்கு இரண்டு கண்ணிலும் புரை என்பதால் இது என் பொறுப்பு. நோட்டில் எழுதினேன்: "கோயில் சிலுவைக்குப் பின்னால் தண்ணித் தொட்டி. ஒத்தப் பனைக்குப் பின்னால் தேரிமேட்டுச் செம்மண் வெட்டு." (இங்கே எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். மீன் பிடிக்கிற வாசகர்கள் தேட வேண்டாம்.)

இருட்டியதும் கொண்டல் காற்று ஏறியது. கரையை நோக்கி அடிக்கிற காற்று. படகு குதிக்கத் தொடங்கியது. அண்ணாச்சி முன்னால் போய் நங்கூரக் கயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இங்கன வாரும். தொட்டுப் பாரும்."

தொட்டேன். நறநறவென்று கைக்குள் ஏதோ அரைத்தது.

"சகதி இப்படிப் பேசாதுவே. நான் எத்தனை அஸ்திவாரம் பாத்திருக்கேன்... இது பாறை. கயிறு அறுபடுது."

இழுத்துப் பார்த்தோம். நங்கூரம் அசையவில்லை. பாறைக்கு அடியில் போய் மாட்டியிருந்தது. கயிற்றை வெட்டிவிட்டு ஓடலாம். இருட்டில், எதிர்காற்றில், எங்கே ஓட? இன்னொரு நங்கூரம் இருந்தது. அது தோசைத் திருப்பி கனம்கூட இருக்காது. எஞ்சினைப் பற்றிக் கேட்டால் அண்ணாச்சி பேச்சை மாற்றுவார். பின்னால் கொஞ்ச தூரத்தில் அலை வெள்ளையாக உடைவது தெரிந்தது. கயிறு அறுந்தால் வாழைத் தோட்டம் அங்கே போய்த்தான் நிற்கும்.

பழைய சாக்கைக் கயிற்றில் சுற்றிச் சுற்றி, பாறையில் உரசாதபடி கீழே விட்டுக்கொண்டே இருந்தோம். சிலுவையில் ஒரு விளக்கு. தொட்டியின்மேல் ஒரு விளக்கு. விடியும் வரை இரண்டையும் பார்த்தபடி இருந்தேன். அண்ணாச்சி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, "நேரா இருக்கா?" என்பார். "நேரா இருக்கு" என்பேன். நடுவில் தேவாரம்.

வெளுக்கும்போது ஒரு வள்ளம் வந்தது. அலைக்குள்ளிருந்து, தனி ஆளாக. சூசை அண்ணன். நான்கு பேர் தள்ள வேண்டிய வள்ளத்தை எப்படித் தனியாக இறக்கினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"தூங்கலையோ?" என்று கேட்டார்.

"நீங்க?"

அவர் சட்டையைக் கழற்றினார். கையில் ஒரு கயிற்று முனையோடு நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி உள்ளே போனார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். என் மூச்சு இரண்டு முறை தீர்ந்தது. பிறகு அவர் வந்தார். நங்கூரத்தின் தலைப் பக்கம் அந்தக் கயிற்றைக் கட்டியிருந்தார். வள்ளத்தை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் ஒரு இழுப்பு. வந்துவிட்டது. நங்கூரம், கூடவே கடித்த முறுக்கு அளவு கல்லையும் தூக்கி வந்தது. எங்கள் கயிற்றின் மூன்று புரியில் ஒரு புரிதான் மிச்சம்.

"பாறையே கெடையாதுன்னீங்களே அண்ணே?"

"நேத்து ராத்திரி முளைச்சிருக்கும்" என்றார் சூசை அண்ணன்.

அவரே வழிகாட்டி, ஒரு முனைக்குப் பின்னால் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தினார். காற்றே இல்லை. சோப்பில் கரும் சகதி அப்பி வந்தது. அண்ணாச்சி கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தில், "அடையாளம் எழுதிட்டீரா?" என்று என்னைக் கேட்டுத் தொலைத்தார்.

"என்ன அடையாளம்?" என்றார் சூசை அண்ணன்.

அண்ணாச்சி பெருமையாக விளக்கினார். இரண்டு பொருள், ஒன்றன் பின்னால் ஒன்று, நேர்கோடு, இன்ஜினீயரிங்.

"நேத்து எழுதுனத வாசிலே, கேப்போம்."

வாசித்தேன். சூசை அண்ணன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. டம்ளர் மட்டும் பாதி வழியில் நின்றது.

கடலுக்கு அடியில் இருக்கிற பாறைத் திட்டைப் 'பார்' என்பார்கள். மீன் அங்கேதான் அடையும். தண்ணீருக்கு மேலே அடையாளம் கிடையாது. கரையில் இரண்டு ஜோடிப் பொருள்களை நேராக்கித்தான் இடத்தைப் பிடிப்பார்கள். நாங்கள் நங்கூரம் போட்ட பாருக்கான இரண்டு ஜோடியை, சூசை அண்ணனின் அப்பா சாகும்போது அவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் மனைவிக்குத் தெரியாது. பக்கத்து வள்ளத்துக்குத் தெரியாது. உதவிக்கு நாலு பேரைக் கூட்டிவந்தால் தெரிந்துவிடும் என்றுதான் தனியாக வந்திருக்கிறார். அதை நான் ஒரு நாற்பது பக்க நோட்டில், பால்பாயிண்ட் பேனாவில், எழுத்துப் பிழையோடு எழுதி வைத்திருந்தேன்.

தாளைக் கிழித்தார். நாலாகக் கிழித்துக் கடலில் போட்டார்.

"தாளைக் கிழிச்சாச்சு. உன் மண்டைய என்ன செய்ய?"

"மறந்துருதேன் அண்ணே."

"விடிய விடியப் பாத்துக்கிட்டே இருந்திருக்க. எங்கலே மறக்க?" அண்ணாச்சியை ஒரு பார்வை பார்த்தார். "அவரு?"

"ரெண்டு கண்ணுலயும் புரை. கரை இருக்குன்னு நான் சொன்னாத்தான் தெரியும்."

"மீனு?"

"சைவம்."

"முட்டை?"

"தொட மாட்டாரு."

"அப்ப அவரு போவட்டும்" என்றார். அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, எம் மச்சினனை அனுப்புதேன். கொச்சி வரைக்கும் போயி வந்தவன். எங்கன நிக்கலாம், எங்கன நிக்கக் கூடாதுன்னு அவனுக்குத் தெரியும். கன்னியாகுமரியில உங்கள விட்டுட்டு பஸ்ஸுல வந்துருவான். இந்த ஆளு எங்கூட இருக்கட்டும்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார் — அல்லது நான் இருந்த திசையைப் பார்த்தார்.

"கோவிச்சுக்கிடாதீரும்வே. கேள்வி கேக்கத் தெரிஞ்ச ஆளைவிடப் பதில் தெரிஞ்ச ஆளு நல்லதுதான?"

நல்லதுதான். நான் அதில் கோபிக்க என்ன இருக்கிறது? பாயையும் பையையும் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை சூசை அண்ணனின் வள்ளத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு வேலை. உள்ளே வருகிற தண்ணீரை இறைக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். முதல் வேலைக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி கொடுத்திருக்கிறார்.