ஒன்பது மணிக்கு வெளிக்கிட்ட நடை

மலை ஏறப் போவதென்றால் என் மனைவி மூன்று நாளைக்கு முன்பே பனியைப் படிக்கத் தொடங்கிவிடுவாள். பனிச்சரிவு அறிக்கை, காற்று, எந்தப் பக்கத்துச் சரிவில் எத்தனை மணிக்கு வெயில் விழும் என்று எல்லாம் பார்ப்பாள். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், யூனியன்வில்லில் எங்கள் வீட்டைச் சுற்றி மலை என்று சொல்ல ஒன்றுமில்லை. பிளாசா வாசலில் வழித்துக் குவித்த பனிதான். ஆனாலும் அவள் இதற்கென்று வகுப்புக்குப் போய்ப் படித்தவள். நான் பை தூக்குகிறவன்.

ஒரு பங்குனியில் இருவரும் றொக்கி மலைக்குப் பறந்தோம். திங்கட்கிழமை நடை. காலையில் பனி இறுகிக் கிடக்கும், ஆபத்துக் குறைவு. மத்தியானத்துக்குப் பிறகு வெயிலில் இளகும், ஆபத்துக் கூடும் என்றது அறிக்கை. எங்கள் பாதையோ ஒரு செங்குத்தான சரிவின் கீழால் போகிறது. ஏழரைக்கு வெளிக்கிட்டால் பன்னிரண்டுக்குள் திரும்பிவிடலாம் என்பது அவளுடைய கணக்கு.

"ஏழரையிலை இருந்து ஒன்பது மட்டும் ராகு காலம். ஒன்பதுக்குப் போவம்," என்றேன்.

"இஞ்சருங்கோ, பனிக்கு உது தெரியுமே? வெயில் ஏறினால் பிறகு கரைச்சல்."

"ஒன்றரை மணித்தியாலத்திலை மலை ஓடிப்போயிடுமே? நீர் சும்மா இரும்."

ராகுவில் எனக்குப் பெரிய நம்பிக்கை ஒன்றும் கிடையாது. என் போனில் இருந்த கலண்டர் ரொறன்ரோவுக்குக் கணித்தது. மலையில் மணிக்கூடு இரண்டு மணித்தியாலம் பின்னால் என்பதைக்கூட நான் யோசிக்கவில்லை. மூன்று நாளாக அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியாயிற்று, ஒன்றாவது என் சொல்லில் நடக்கட்டும் என்ற வீம்பு. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

திரும்பி வந்து அந்தச் சரிவை அடைந்தபோது ஒன்றரை மணி. ஒவ்வொருவராகத்தான் கடக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் முதலில் போனாள். பாதி வழியில் மேலிருந்து பனி கழன்று வந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. பிறகு பார்த்தால் அவளைக் காணவில்லை.

புதைந்தவரைத் தேடும் சிறு கருவியை இருவரும் நெஞ்சில் கட்டியிருந்தோம். வீட்டுக்குப் பக்கத்துப் பார்க்கில் அவள் பழக்கித் தந்தபடி, அதன் சத்தம் கூடிய இடத்தைச் சவலால் தோண்டினேன். கத்தினேன், அழுதேன், தோண்டினேன். முகம் வெளியே வந்ததும் மூச்சு விட்டாள். இடது முழங்கால் நொறுங்கியிருந்தது. இன்றும் படி இறங்க என் தோளைப் பிடிக்கிறாள்.

கேட்டவர்களுக்கெல்லாம், "நான்தான் நேரத்தைப் பிழையாய்க் கணிச்சிட்டன்," என்றாள். ஒருநாள் நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அவளுடைய பழைய நடைக்குழுவில் இருந்து இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"அக்கா, நாங்கள் ஏழெட்டுப் பேர் மலைக்குப் போறம். பனி பார்க்கிறதை நீங்கள்தான் எங்களுக்குப் படிப்பிக்கவேணும்."

அவளுடைய முகம் ஒரு கணம் மலர்ந்தது. நான் பார்த்தேன். பிறகு தலையை ஆட்டினாள்.

"வேண்டாம் பிள்ளையள். நான் ஒருக்காப் பிழை விட்டனான். என்னை நம்பி நீங்கள் போகக்கூடாது."

இரண்டு பேரும் அவளைப் பாவமாகப் பார்த்தார்கள். என் வாயில் அவர்கள் கொண்டுவந்த ரோல்ஸில் ஒரு கடி இருந்தது. அதை விழுங்கினேன். "தேத்தண்ணி குடிப்பியளோ?" என்று கேட்டுவிட்டு எழுந்து குசினிக்குள் போனேன்.