வக்கீலம்மா பேயை விசாரித்த அன்று

அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். அந்த வானொலி நிலையத்தில் இது தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் நாடகம் எழுதும் வாத்தியார். இன்னொருவர், கதவு கிரீச்சிடுவதிலிருந்து இடி விழுவது வரை எல்லாவற்றையும் கையாலேயே எழுப்பும் சத்தக்கார அண்ணன். புதிதாக வந்த மேலாளருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாதது இன்னும் நிறைய இருந்தது.

செவ்வாய்க்கிழமை நாடகத்தில் கொலைகாரர்களைக் கூண்டில் ஏற்றிக் கிழிகிழியென்று கிழிக்கும் வக்கீலம்மா அக்காதான். வியாழக்கிழமை நாடகத்தில், செத்த பிறகும் சமையலறையை விட்டுப் போகாமல், மருமகள் உப்பு போடும்போதெல்லாம் பாத்திரத்தை உருட்டும் மாமியார்ப் பேயும் அக்காதான். ஆனால் வெளியே ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. நடிப்பவர் பெயரைச் சொன்னால் கேட்பவர்களுக்கு மயக்கம் கலைந்துவிடும் என்று யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் காலத்தில் சட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தார். காய்கறிக்கடைக்காரர் அவளிடமே, "நேத்து அந்த வக்கீலம்மா என்ன போடு போட்டாங்க, கேட்டீங்களா?" என்பார். அக்கா தக்காளியைப் பொறுக்கிக்கொண்டே "அப்படியா?" என்பாள். வயிறு எரியும்.

மேலாளருக்கு ஒரு நாள் திடீரென்று ஞானோதயம் வந்தது. இரண்டு நாடகத்தையும் ஒன்றாக்கினால் என்ன? மாமியாரைக் கொன்றது யார் என்று வக்கீலம்மா அந்தப் பேயையே விசாரிக்கட்டும்! யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை மனுஷன். ஒரு வாரம் முழுக்க விளம்பரம் அலறியது. நிலையத்தின் எல்லா நாடகங்களையும் போல இதுவும் நேரடி ஒலிபரப்பு.

ஒத்திகையன்று மேலாளர் வந்தார். "வக்கீலம்மா யாரு, பேய் யாரு? ரெண்டு பேரும் முன்னால வந்து உட்காருங்க."

அக்கா மட்டும் வந்து உட்கார்ந்தாள். மேலாளர் கதவைப் பார்த்தார்.

"இன்னொருத்தங்க வரலையா?"

"அவங்களும் நான்தான் சார்."

சத்தக்கார அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு இடிச் சத்தம் எழுப்பும் தகரத்தைத் துடைக்க ஆரம்பித்தார். மேலாளர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"இதை ஏன் யாருமே எங்கிட்ட சொல்லல?"

"நீங்க முன்னாடியே கேட்டிருந்தா..."

"சரி விடுங்க. செய்தி வாசிக்கிற பொண்ணு வக்கீலம்மாவா பேசட்டும்."

"சார், அந்தக் குரலை இத்தனை வருஷமா நான்..."

"ஒரு குரல்தானே மேடம்! கேக்கிறவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

ஒரு குரல்தானாம். காய்ச்சலோடும், தொண்டைக்கட்டோடும், வீட்டில் அழுத கண்ணோடும் வந்து அவள் உயிர் கொடுத்த ஒருத்தியை, கைமாற்றாகக் கரண்டி கொடுப்பதுபோல இன்னொருத்தியிடம் நீட்டச் சொல்கிறார்.

அக்காவின் குரல் இறங்கியது. "ரெண்டும் நான்தான் பேசுவேன். இல்லன்னா ரெண்டுமே கிடையாது. விளம்பரம் கேட்டவங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க."

விளம்பரம் என்றதும் மேலாளர் ஆடிப்போனார். "சரி சரி, இந்த ஒரு தடவை" என்று முனகிக்கொண்டே போய்விட்டார்.

இப்போது வாத்தியார் தலையில் கை வைத்தார். அவர் எழுதியிருந்தது முழுக்கச் சண்டை. "பேயும் வக்கீலும் ஒருத்தரை ஒருத்தர் பேசவிடாம கத்தினாத்தானேம்மா சூடு பறக்கும்? ஒரே வாயில குறுக்கே எப்படிப் பேசுறது? பேசாம பேயை ஊமையாக்கிடலாமா?"

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்த ரூம்ல நான் ஒரு பேச்சை முழுசா முடிச்சு எப்பவாவது கேட்டிருக்கீங்களா சார்? மேலாளர் நடுவுல வெட்டுறார். நீங்க வெட்டுறீங்க. வீட்டுக்குப் போனா வீட்டுக்காரர் வெட்டுறார், பையன் வெட்டுறான். குறுக்கே பேசாத ஒரு ஆளை நான் இன்னும் பார்த்ததில்ல. அந்த மாமியாரும் பார்த்திருக்க மாட்டா. அதை எழுதுங்க!"

வாத்தியார் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்தார்.

ஒலிபரப்பு நாள். சிவப்பு விளக்கு எரிந்தது. வக்கீலம்மா வீட்டிலிருந்த ஒவ்வொருவரையும் விசாரித்தாள். கிழவி செத்தும் உயிரை வாங்குகிறாள் என்றுதான் எல்லோரும் புலம்பினார்கள். கடைசியில் வக்கீலம்மா தனியாகச் சமையலறைக்குப் போனாள்.

"நீங்க சொல்லுங்கம்மா. முடிக்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன்."

அக்கா மூச்சை இழுத்தாள். அடுத்து வந்தது மாமியாரின் கரகரத்த குரல்.

"அன்னைக்கு நெஞ்சு அடைக்குதுன்னு சொல்ல வந்தேம்மா. வீட்டுக்காரர், 'இரு, செய்தி ஓடுது'ன்னார். மகன் போன்ல இருந்தான், கையைக் காட்டினான். மருமக, 'அப்புறம் சொல்லுங்க அத்தை'ன்னா. எனக்கு அந்த அப்புறம் வரவே இல்ல. யாரும் என்னைக் கொல்லல. யாரும் கேக்கல, அவ்வளவுதான்."

பாத்திரத்தை உருட்ட வேண்டிய சத்தக்கார அண்ணன் உருட்ட மறந்து நின்றார்.

அக்கா கடைசித் தாளைத் திருப்பினாள். ஒத்திகையில் இல்லாத வரி அதில் இருந்தது. பேய் நிம்மதியாக மறைகிறது, இனி வராது.

வாத்தியாரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலாளர் நின்றார். பக்கத்தில் செய்தி வாசிக்கும் பெண், கையில் 'புது வியாழக்கிழமை நாடகம்' என்று பெரிதாக எழுதிய தாள்கட்டோடு. பிடுங்க முடியாததைச் சாகடித்துவிடலாம் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள்! அக்கா தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு மைக்கை நெருங்கினாள்.

"ஒரு நிமிஷம்மா," என்றாள் வக்கீலம்மா. "சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடிச்சிட்டீங்களா?"

"எங்கேம்மா முடிச்சேன்?" என்றது பேய். "இத்தனை வருஷத்துப் பேச்சு ஒரு நாள்ல தீருமா? நான் எங்கயும் போகல. வியாழக்கிழமை இதே அடுப்படியிலதான் இருப்பேன். யார் போகச் சொன்னாலும் சரி."

சத்தக்கார அண்ணனுக்கு யாரும் எதுவும் எழுதித் தரவில்லை. இருந்ததிலேயே பெரிய அண்டாவைத் தூக்கி, பலங்கொண்ட மட்டும் உருட்டிவிட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலாளர் கத்துவது தெரிந்தது. தடித்த கண்ணாடி, ஒரு வார்த்தைகூட உள்ளே வரவில்லை. கோபம் கொஞ்சமும் தணியாமல் அக்கா சிவப்பு விளக்கு அணையும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.