நபவிய்யா அக்கா தன் வீட்டைத் திட்டி விற்ற கதை

நான் கால் ஒடிந்து மூன்றாம் மாடியில் படுத்திருந்த குளிர்காலத்தில், என் பால்கனி முன்னால் தினமும் ஒரு கூடை வந்து நிற்கும். மேல்மாடி நபவிய்யா அக்கா தெருக் காய்கறிக்காரனுக்குக் கயிற்றில் இறக்கும் கூடை அது. இறங்கும் வழியில் என் கைக்கு எட்டும் இடத்தில் நின்றுவிடும். உள்ளே ரொட்டியும் மூடிய கிண்ணத்தில் பருப்புச் சாறும் இருக்கும். மேலேயிருந்து குரல் வரும்.

"எடுத்துக் கொட்டிடுடி உம் ஸாபிர். அடிப்பிடிச்சுப் போச்சு. பூனைகூட தொடாது."

உம் ஸாபிர், அதாவது ஸாபிரின் அம்மா, நான்தான். அடிப்பிடித்த வாசனையே இருக்காது. கால் கூடும்வரை அதைத்தான் சாப்பிட்டேன். நன்றி சொல்ல வாயெடுத்தால் கூடை விறுவிறுவென்று கீழே போய்விடும்.

அக்கா அப்படித்தான். மனதுக்குப் பிடித்த எதையும் நல்லது என்று சொல்லமாட்டார், கண் பட்டுவிடுமாம். ஒரே மகன் தங்க வேண்டுமென்று அவனுக்கு ஷஹாத்தா, அதாவது பிச்சை, என்று பெயர் வைத்தவர். வாசல் நிலைக்கு மேலே அவன் குழந்தையில் போட்ட ஒற்றைச் செருப்பைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அப்பேர்ப்பட்டவர் வீடு விற்க வேண்டி வந்தது.

காரணம் அவர் கணவர் பயூமி ஹாஜியின் முழங்கால். டிராம் ஓட்டி அலெக்சாந்திரியா முழுக்கச் சுற்றிய மனிதர், போன வருடத்திலிருந்து நாலாம் மாடியை விட்டு இறங்கவே இல்லை. எதிர்த்த காப்பிக்கடைக் கூட்டாளிகள் தெருவிலிருந்து டோமினோக் கட்டைகளைக் கத்திச் சொல்வார்கள், இவர் பால்கனியிலிருந்து கத்தி விளையாடுவார். கட்டையைக் கண்ணால் பார்க்காததால் எப்போதும் தோற்பார். வெள்ளிக்கிழமை பாங்கு சொல்லும்போது மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ரஷீத் ஊரில் மகன் வீட்டருகே ஒரு தரைத்தள வீடு அமைந்திருந்தது. பள்ளிவாசல் நாலே எட்டு தூரம். பெருநாள் வரைக்கும் காத்திருப்பேன் என்று அதன் சொந்தக்காரர் சொல்லியிருந்தார்.

தரகர் வஹ்தான் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "நாற்காலி உறையெல்லாம் எடுங்க ஹாஜ்ஜா. தொங்கு விளக்கை மூட்டை கட்டி வெச்சிருக்கீங்களே, அதையும் அவிழுங்க. அந்தச் செருப்பைக் கழட்டுங்க."

உறைகளை எடுத்தோம். நானும் கூடநின்று துடைத்தேன். தங்கப்பூச்சு நாற்காலிகளின் பட்டுத் துணியை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். செருப்பை மட்டும் தொடவிடவில்லை.

முதலில் வந்தது ஒரு வங்கிக்காரரும் மனைவியும். அந்தப் பெண் ஜன்னலைத் திறந்து, "ஐயோ, என்ன அருமையான கடல் காத்து!" என்றாள். கண் படாமலிருக்கச் சொல்லும் மாஷா அல்லாஹ்வை மட்டும் சொல்லவில்லை. அக்காவின் முகம் வெளுத்தது.

"காத்தா? வெறும் உப்பும்மா! இரும்பெல்லாம் துரு. குளிர்காலத்துல கூரையும் ஒழுகும்."

வஹ்தான் இருமினார். அந்தப் பெண் சமையலறையைப் பார்த்து, "எவ்வளவு பெரிசா இருக்கு," என்றாள்.

"பெரிசா இருந்துதானே எலி குடும்பம் நடத்துது!"

பால்கனியிலிருந்து ஹாஜி கத்தினார். "ஏ நபவிய்யா, நம்ம வீட்ல எலியா? நான் ஒண்ணைக்கூட பாத்ததில்லையே!"

"உங்களுக்கு டோமினோவே தெரியல, எலி தெரியப்போகுதா? சும்மா இருங்க ஹாஜி!"

வந்தவர்கள் காப்பிகூடக் குடிக்காமல் இறங்கிவிட்டார்கள். அக்காவுக்காக நான்தான் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். வேறு எதிலும் பொய் பேசாத வாய் அது.

அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் இதே கதிதான். ஒருவருக்குச் சுவரில் விரிசல், ஒருவருக்குத் தண்ணீர் வராது, ஒருவருக்குக் கீழ்வீட்டுக்காரி சண்டைக்காரி. கீழ்வீட்டுக்காரி நான்தான். ஆள் போன மறுநிமிடம் சாம்பிராணி போட்டு, உறைகளைத் திரும்ப மாட்டிவிடுவார்.

"ஹாஜ்ஜா, வாயைத் திறக்காம இருந்தாப் போதும்," என்று வஹ்தான் கெஞ்சினார்.

"வீட்டுக்கு வந்தவங்ககிட்ட பேசாம இருந்தா மரியாதையா?"

பெருநாள் நெருங்கியது. ஹாஜி டோமினோ ஆடுவதையும் விட்டுவிட்டார். ஒரு மாலை அக்கா என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, "அந்த மனுஷன் வெறுமனே தெருவைப் பாத்துக்கிட்டே இருக்கார்டி. இனிமே யாராவது வந்தா என் வாயில துணியை வெச்சு அடைச்சிடு," என்று அழுதார்.

அந்த வாரமே கஃப்ருத் தவ்வாரிலிருந்து இன்ஸாஃப் என்ற அம்மாள், கல்யாணம் நிச்சயமான மகனுக்கு வீடு பார்க்க வந்தார். நிலைப்படியில் நின்று அண்ணாந்து செருப்பைப் பார்த்தார். "பிஸ்மில்லாஹ், மாஷா அல்லாஹ்," என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைத்தார்.

நான் அக்காவின் கையைக் கிள்ளினேன். பிரயோசனமில்லை.

"இவ்வளவு படி ஏறினது வீண்மா. வீடுன்னு சொல்ல இங்க ஒண்ணுமில்ல."

"இருக்கட்டும். வரப்போற மருமகளும் ஒண்ணுக்கும் ஆகாதவதான்."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "கூரை ஒழுகும்."

"என் பையன் விடுற குறட்டையில அந்தச் சத்தம் கேக்காது."

"எலி உண்டு."

"அவ சமையலைத் தின்னா தானா ஓடிடும்."

மகன் காது சிவந்து நின்றான். வஹ்தான் வாசல் படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா விடவில்லை. "கீழ்வீட்டுக்காரி பெரிய சண்டைக்காரி!"

"அப்ப எனக்கு நல்ல துணை. நான் வரும்போதெல்லாம் ரெண்டு பேரும் சேர்ந்து மருமகளைத் திட்டலாம்." இன்ஸாஃப் தரகர் பக்கம் திரும்பினார். "எங்கம்மா என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட, இவ சோம்பேறி, வாயாடின்னு சொல்லித்தான் கட்டிக் குடுத்தாங்க. எழுந்திரிங்க, முடிச்சிடலாம்."

பேச்சு முடிந்த அடையாளமாக எல்லோரும் கையேந்தி ஃபாத்திஹா ஓதினோம். ஹாஜியின் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது.

பெருநாளுக்கு முன்பே கூட்டாளிகள் அவரைக் காப்பிக்கடை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறக்கினார்கள். அவரோ ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் கரண்டியால் கைப்பிடிக் கம்பியைத் தட்டி, டிராம் மணி அடித்து, "ஏறுறவங்க ஏறுங்க, இறங்குறவங்க இறங்குங்க!" என்று கூவிக்கொண்டே இறங்கினார்.

சாமான் வண்டி புறப்படும்போது அக்கா அந்தக் கூடையைக் கயிற்றோடு என் கையில் திணித்தார். தரைத்தளத்தில் அதற்கு வேலையில்லை. நான் அழுதுவிட்டேன். வண்டிக்காரனும் கூட்டாளிகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"கூடை ஓட்டை, கயிறு இத்துப்போனது. உனக்கு அது போதும். உன்னை மாதிரி ஒரு மோசமான பக்கத்துவீட்டுக்காரி இந்த ஊர்லயே கிடையாதுடி!"