அம்மனுக்குத் தாய்வீட்டுச் சீரை மீட்டுத் தந்த அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகிறது. அவருடைய ஒரே தங்கை என்பதால் இந்த நினைவு மலரில் என்னை எழுதச் சொன்னார்கள். எழுதிப் பழக்கமில்லாதவள் நான். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சுக்காரர் ஆட்சி நடந்த காலத்தில் முதலியார்பேட்டையில் பிறந்தவர் அண்ணன். அவர் பள்ளிப் படிப்பை முடிக்கும் முன்பே அப்பா காலமாகிவிட்டார். புத்தகங்களை மூட்டை கட்டி வைத்துவிட்டு அப்பா வேலை பார்த்த பஞ்சு மில்லிலேயே சேர்ந்தார். அம்மாவைக் காப்பாற்றி, என்னைப் படிக்க வைத்து, கடலூரில் நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்த பிறகே தமக்கென்று பெண் பார்க்கச் சம்மதித்தார். அப்படி வந்தவர் எங்கள் அண்ணி.

அப்பா விட்டுச்சென்ற இன்னொரு பொறுப்பையும் அண்ணன் ஏற்றார். எங்கள் தெரு அம்மன் கோயிலில் சாமி தூக்குபவர்களில் ஒருவராக, பல்லக்கின் முன்தண்டில் வலப்பக்கம் தோள் கொடுப்பது எங்கள் குடும்பத்துக்குரியது. அண்ணன் நல்ல உயரம். அவர் தோளில் தண்டு ஏறினால் அம்மன் அசையாமல் வருவாள் என்பார்கள்.

வெளியூர் உறவினர்களுக்காக அந்தக் கோயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். சிறிய கோயில்தான், ஆனால் மிகப் பழையது. கருவறை முழுவதும் கருங்கல். முன்மண்டபத்துத் தூண்கள் குட்டையானவை. அண்ணாந்து பார்த்தால் கூரைக் கல்லில் இரண்டு மீன்கள் மூக்கோடு மூக்கு உரசுவதுபோலச் செதுக்கியிருக்கும். பிள்ளைச்சாவடி மீனவர் வலையில் கிடைத்தவள் எங்கள் அம்மன் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. வலை சுமக்கும் கழியில் சிலையைக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு தெற்கே வந்தார்களாம். இளைப்பாற இறக்கி வைத்த இடத்தை விட்டு அவள் எழும்பவில்லையாம். அங்கேயே கோயில் எழுந்தது.

அதனால் எங்கள் அம்மனுக்குக் கடற்கரைதான் தாய்வீடு. மாசிமகத்தன்று கோயில் மடப்பள்ளியில் அடுப்பு மூட்டமாட்டார்கள். தீர்த்தவாரிக்குக் கடற்கரை போகும் அம்மனுக்குப் பிள்ளைச்சாவடிக்காரர்கள் மஞ்சள், குங்குமம், புடவை, பூ என்று சீர் கொண்டுவருவார்கள். கடலில் நீராடியதும் அவர்கள் அவித்துக் கொண்டுவரும் வெல்லப் புட்டைத்தான் முதலில் படைப்பார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசிமகத்தில் இந்த உறவு அறுந்தது. கூட்ட நெரிசலில் தடுமாறிய மீனவர் ஒருவர் விழாமலிருக்கப் பல்லக்குத் தண்டைப் பிடித்தார். கோயிலைச் சேர்ந்த சிலர் அவரைக் கீழே தள்ளினார்கள். சண்டை மூண்டது. பிள்ளைச்சாவடிக்காரர்கள் சீரோடு அப்படியே திரும்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டு வரவில்லை. அதற்கடுத்த ஆண்டும் வரவில்லை. மாசிமகத்தன்று மடப்பள்ளியில் அடுப்பு எரியத் தொடங்கியது.

அந்த ஆண்டுத் திருவிழாவுக்கு நான் வந்திருந்தபோது அண்ணன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பொங்கலுக்கும் எனக்குச் சீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவர் அவர்.

"உனக்கு ஒரு வருசம் நான் வரலன்னா நீ இன்னா நெனப்பே?" என்று கேட்டார்.

"எனக்கு யாருமில்லன்னு நெனப்பேன், அண்ணா."

அடுத்த நாளே பஸ் ஏறிப் பிள்ளைச்சாவடிக்குப் போனார். அவ்வூர்ப் பஞ்சாயத்துப் பெரியவர் அவரை உட்காரவைத்து மோர் கொடுத்தாராம். ஆனால் பேச்சில் பிடிகொடுக்கவில்லை.

"பொண்ணு எங்க வூட்டுப் பொண்ணுன்றீங்க. நாங்க தொட்டா மட்டும் தள்ளி வுடுறீங்க. தண்டுல எங்களுக்கும் ஒரு தோள் வுடுங்க தம்பி, சீரோட வர்றோம்."

அண்ணன் ஆண்டு முழுவதும் கோயிலில் இதைப் பேசிப் பார்த்தார். வழக்கத்தில் இல்லை என்றே தர்மகர்த்தா மறுத்தார். மறு மாசிமகம் வந்தது. அம்மனுக்கு அலங்காரம் முடிந்து, மேளம் முழங்கியது. அண்ணனும் கூடத் தூக்குபவர்களும் பல்லக்கைத் தூக்காமல் அதனருகே கைகட்டி நின்றார்கள்.

"தூக்குங்கப்பா, நேரமாவுது" என்றார் தர்மகர்த்தா.

"பிள்ளைச்சாவடிக்காரங்களுக்குத் தண்டுல எடம் குடுக்கறேன்னு சொல்லுங்க. தூக்கறோம்" என்றார் அண்ணன்.

"இது இன்னா மில்லுன்னு நெனச்சியா, ஸ்டிரைக் பண்ண?"

கூட்டத்தில் சிலர் அண்ணனை அடிக்கவே பாய்ந்தார்கள். அண்ணி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. அண்ணன் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "என் எடத்தையே குடுக்கறேன். வேற யாரும் வுட்டுத் தர வாணாம்" என்றார்.

அப்போது குருக்கள் கருவறை வாசலிலிருந்து வந்தார். "கடல்லேர்ந்து இவளை மொதல்ல தூக்கிண்டு வந்தது யாரு? அவாதானே? இப்போ தொடப்படாதுன்னா என்ன நியாயம்?" என்றார். தர்மகர்த்தா அம்மனை ஒருமுறை பார்த்துவிட்டுச் சரியென்று தலையசைத்தார்.

மில் நண்பர் ஒருவர் செய்தியோடு பிள்ளைச்சாவடிக்குச் சைக்கிளில் பறந்தார். அம்மன் கடற்கரை போய்ச் சேர்ந்து, வெயில் ஏறி, எங்களுக்கு நம்பிக்கை குறையத் தொடங்கியபோது, வடக்கே மணலில் சீர்த்தட்டுகளோடு ஒரு கூட்டம் வருவது தெரிந்தது. தீர்த்தவாரிக்குப் பல்லக்கைத் தூக்கியபோது அண்ணன் முன்தண்டிலிருந்து தோளை எடுத்தார். பெரியவரின் தோளுக்குத் தம் துண்டை மடித்து வைத்து, அந்த இடத்தில் அவரை நிறுத்தினார். அப்பாவின் இடம் போய்விட்டதே என்று அம்மா அழுதார். "போவலம்மா, உரியவங்ககிட்ட போயிருக்குது" என்றார் அண்ணன். அதன் பிறகு அவர் முன்தண்டைத் தொடவே இல்லை. பின்வரிசையில் ஒருவராகத் தூக்கினார்.

எண்பதுகளில் பஞ்சுத்தூசி அவர் நெஞ்சைக் கெடுத்தது. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பெரியவரின் மனைவி மீன் விற்றுவிட்டு, கூடையை வெளியே வைத்துவிட்டுக் கஞ்சியோடு வந்து நிற்பார். கடைசி மாசிமகத்துக்கு நண்பர்கள் அண்ணனை ரிக்‌ஷாவில் அழைத்துப்போய் மணலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அம்மனுக்குப் படைத்த புட்டைப் பெரியவரே கொண்டுவந்து ஊட்டினார். அண்ணன் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். சில வாரங்களில், அண்ணியின் மடியில் தலை வைத்தபடி போய்விட்டார்.

அண்ணனைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், மாறிமாறிக் கூடவே இருந்த மில் தோழர்களுக்கும், சொந்தச் சாவுபோல அடுப்பு மூட்டாமலிருந்த எங்கள் தெருவுக்கும், பிள்ளைச்சாவடி உறவுகளுக்கும், குருக்கள் ஐயாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. பின்னாளில் எங்கள் வீடு தேடிவந்து அண்ணன் கையைப் பற்றிக்கொண்ட தர்மகர்த்தா ஐயாவையும் நன்றியோடு நினைக்கிறேன்.

அண்ணிக்கு மட்டும் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அண்ணி, அண்ணன் போனதிலிருந்து நல்ல காரியம் நடக்கும் வீடுகளில் நீங்கள் பின்கட்டிலேயே நின்றுவிடுகிறீர்கள். வரும் தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். மணவறையில் முதல் விளக்கை நீங்கள்தான் ஏற்ற வேண்டும். யாராவது வழக்கமில்லை என்று சொன்னால், அன்று அண்ணன் நின்றதுபோல நானும் கைகட்டி நிற்பேன்.