இக்காஸ்டில் ஒரே காலையில் எழுந்த மதில்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில் ஜப்பான் கோட்டை மதில் கட்டியவன் யார் என்று கேட்டால், என்னை விட்டால் ஆள் கிடையாது.

தோட்டத்துக் கடைசியில் மண்மேடு சரிந்துகொண்டிருந்தது. கட்டட எஞ்சினியரான மகள் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, இனி உங்களுக்கு ஏலாது. வீட்டை வித்துப்போட்டு அல்பர்ட்ஸ்லுண்டுக்கு என்னட்ட வாங்கோ" என்றாள். கோடை முடிய வீடு விற்கும் முகவரை வரவழைப்பதாக நாளும் குறித்துவிட்டாள். துணி ஆலையில் தறி ஓட்டி நான் வாங்கிய வீடு!

அன்று மாலையே, தான் ஜப்பான் போய்வந்த படங்களைக் காட்டினாள். எதிரியின் கோட்டையை முற்றுகையிட்ட தளபதி ஒருவன், எதிர்மலையில் மரங்களின் மறைவில் மாதக்கணக்காகத் தன் கோட்டையைக் கட்டினானாம். முடிந்ததும் மரங்களை வெட்டிச் சாய்த்தானாம். எதிரிக்கு அது ஒரே இரவில் முளைத்த மாதிரி! மனம் விட்டுப்போய்ச் சரணடைந்தார்கள். செதுக்காத கல், சாந்தே இல்லை. நானூறு வருடம் தாண்டியும் மதில் இடிந்தது போக மிச்சம் நிற்கிறது.

எனக்குச் சட்டென்று ஒரு யோசனை தட்டியது. எங்கள் மண்மேட்டுக்கு முன்னாலும் ஆளுயரச் செடிவேலி இருந்ததே!

கமக்காரர் வயலோரம் குவித்த கற்களை ட்ரெயிலரில் ஏற்றிவந்து, வேலி மறைவில் அடுக்கினேன். பின்னால் மண்ணை அடைத்தேன். ஒரே மழையில் மதில் வயிறு தள்ளியது. பிரித்தேன். மகள் தந்துவிட்டுப்போன படத்தைத் திரும்பப் பார்த்தேன். கோட்டை மதில் இடிந்த இடத்தில், பெருங்கற்களுக்குப் பின்னால் முழுக்கச் சிறுகல். தண்ணீர் வடிய வழி! மறுபடி தொடங்கினேன்.

"இஞ்சேருங்கோ, வேலிக்குப் பின்னால ஆரோட கதைக்கிறியள்?" என்றாள் மனைவி.

"கல்லோட."

"நல்லது. கல்லாவது உங்கட பெருமையைக் கேக்கட்டும்."

முகவர் வரும் சனிக்கிழமை, விடிந்ததும் வேலியை அடியோடு அறுத்துச் சாய்த்தேன். பத்து மணிக்கு வந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இது ஆர் கட்டினது?"

"நான்தான். ராத்திரி."

"விசர்க்கதை!"

மதிலை உதைத்தாள். இடுக்குக் கற்களை இழுத்தாள். ஒன்றும் அசையவில்லை. பிறகு எஞ்சினியர் முகத்தோடு கேட்டாள்: "பின்னால என்ன போட்டனீங்கள்?"

"சிறுகல். அடியில இருந்து மேல வரைக்கும்."

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஏறி இரண்டு தரம் குதித்தாள். மேலே நின்றபடியே முகவரைத் தொலைபேசியில் அழைத்து, வர வேண்டாம் என்று டேனிஷில் சொன்னாள்.

"இறங்கு பிள்ளை, விழப்போறாய்!" என்று மனைவி கத்தினாள்.

என் மதிலிலிருந்து யாராவது விழுவார்களா? நானும் ஏறிக் குதித்தேன்.