குளத்தில் இறங்கிய சிங்கி இறால் படகு

அறுபதுகளின் கடைசியில் தென்காசிக்கு ஒரு படகு வந்தது. கொச்சியிலிருந்து செங்கோட்டைக் கணவாய் வழியாக லாரியில் ஏறி வந்தது. மரப் படகு அல்ல. கண்ணாடி நாரைப் பசையில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தது. ‘பைபர்’ என்றார்கள். உள்ளே எதுவும் கிடையாது, வெறும் ஓடு. தட்டிப் பார்த்தால் காய்ந்த சுரைக்குடுக்கை போல ஒலித்தது.

அது இறங்கிய இடம், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. நான் எதிர்வீட்டு மாடியில் குடியிருந்துகொண்டு பத்திரிகைக்குச் செய்தி அனுப்பி வந்தேன். புளியங்குடி எலுமிச்சை ஏற்றும் லாரிகளில் பாதி அந்தப் பட்டறை மேஸ்திரி பாடி கட்டியவை. படகுக்காரர் தெற்குக் கடற்கரையில் சிங்கி இறால் பிடிப்பவர். அவருடைய ஊர்த் தச்சர்கள் பைபரைத் தொட மறுத்துவிட்டார்கள். மேஸ்திரிக்கும் பைபர் புதிதுதான். ஆனால் வேலை என்று வந்ததை அவர் திருப்பி அனுப்பியதில்லை.

“நடுவுல ஒரு தொட்டி கட்டணும், அண்ணாச்சி. முன்னயும் பின்னயும் தடுப்பு. தொட்டிக்கு அடியில வரிசையா ஓட்டை போட்ருங்க” என்றார் படகுக்காரர்.

“எதுக்கு அடியில?”

“படகுக்கு அடியிலதான்.”

மேஸ்திரி என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். “வே, உமக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா? ஓட்டைய அடைக்கத்தான் எங்கிட்ட வண்டி வருது.”

படகுக்காரர் சிரித்தார். “சிங்கி உசுரோட கரைக்கு வரணும்லா. கடத்தண்ணி தொட்டிக்குள்ள வந்து போய்க்கிட்டே இருந்தாத்தான் அது சாவாது. தண்ணி தொட்டிக்குள்ளயே நிக்கும். தடுப்பு கெட்டியா இருந்தா மத்த எடத்துக்கு வராது.” சிரிப்பை நிறுத்திவிட்டு, “அந்தத் தடுப்புதான் எனக்கும் என் ரெண்டு பயலுவளுக்கும் உசுரு” என்றார்.

தடுப்பை எப்படி ஒட்டவேண்டும் என்று கொச்சியில் சொல்லியனுப்பியிருந்தார்கள். பலகையும் ஓடும் சேரும் மூலைகளில் கண்ணாடித் துணியை வைத்துப் பசை பூசவேண்டும். துணியும் பசை டின்னும் படகோடு வந்திருந்தன. படகுக்காரர் தன் கண்ணெதிரே துளைகளைப் போடச் செய்துவிட்டு ஊருக்குப் போனார்.

அது குற்றாலத்துச் சாரல் காலம். காற்றே நனைந்திருந்தது. மாடியிலிருந்து பார்க்கும்போதெல்லாம் மேஸ்திரி ஒரு மூலையில் விரலை வைத்து எடுத்து, ஒட்டிக்கொண்ட பசையை வேட்டியில் துடைத்துக்கொண்டிருப்பார். முன்தடுப்பு ஒருவழியாக இறுகியது. பின்தடுப்பின் கீழ் மூலை இறுகவேயில்லை.

படகை இறக்கிப் பார்க்கும் நாளில் படகுக்காரர் திரும்பி வந்திருந்தார்; குளத்தங்கரையில் கூட்டம். அருவியில் குளித்துவிட்டு வந்தவர்கள், தலையில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள். படகு கல்யாணக் கார் போல மின்னியது. சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஓ என்று கத்தித் தள்ளினார்கள். மிதந்தது.

மார்பளவுத் தண்ணீரில் நின்ற மேஸ்திரி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். துளைகளை மறந்து, பழக்க தோஷத்தில் அவர் முகம் மலர்ந்தது. “ஒரு சொட்டு இறங்கல, பாத்தீயளா!”

படகுக்காரரும் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் கரையிலிருந்தே கண்டேன். “ஓட்டை எங்க அண்ணாச்சி?”

பட்டறையில் பெயின்ட் அடிக்கும் பெயின்டர் பெருமையாகச் சொன்னார்: “எல்லாத்தையும் பட்டி வச்சு அடைச்சு, தேய்ச்சு, பெயின்ட் அடிச்சாச்சு. எங்கன இருந்துதுன்னு கண்டுபுடிச்சிருங்க பாப்போம்!” லாரியில் ஆணிக்குழி தெரிந்தாலே பட்டி என்னும் வெள்ளைப் பூச்சுமாவை வைத்து மூடிவிடும் கை அது. அது தவறென்று அவருக்குத் தோன்றவேயில்லை.

படகுக்காரர் கரைக்குத் திரும்பினார். உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார். புத்தம்புதுப் படகின் அடியில் உளியை வைத்து ஓங்கி அடித்தார். கூட்டம் அலறியது. “ஏலே, புடிங்கலே அவன!” என்று யாரோ கத்தினார்கள். தண்ணீர் கணுக்கால் உயரத்துக்குப் பீச்சியடித்தது. அவர் அடுத்த துளைக்கு நகர்ந்தார்.

தொட்டி நிறைந்து, குளத்து மட்டத்துக்கு வந்ததும் தண்ணீர் அடங்கியது. படகு சற்றே தாழ்ந்து நின்றது. கூட்டத்தில் ஒருவர் கைதட்டத் தொடங்கினார். அந்தக் கைதட்டல் முடிவதற்குள் பின்பக்கத்திலிருந்து ஈரச் சாக்கைக் கிழிப்பது போல ஒரு சத்தம். பின்தடுப்பின் கீழ் மூலையிலிருந்து வெள்ளைக் கட்டி ஒன்று பிய்ந்து வந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர். எஞ்சின் வைப்பதற்காக விட்டிருந்த இடம் கண்ணெதிரே நிறைந்தது. படகின் பின்பாதி சேற்றில் போய் உட்கார்ந்தது.

மிதந்து வந்த கட்டியைப் படகுக்காரர் கையில் எடுத்தார். விரலால் அமுக்கினார். மாவாய்க் கரைந்தது.

“இது லாரிக்கு வைக்க பட்டிலா அண்ணாச்சி?”

மேஸ்திரியின் உதடு அசைந்தது. “சாரல்ல பசை காயல. சுரண்டிட்டு இத வச்சேன். மழையில ஓடுத வண்டிக்கும் இதத்தான் வைக்கேன். எதுவும் ஆனதில்ல.”

“மழை மேல பெய்யும். இது எந்நேரமும் தண்ணிக்குள்ளலா கெடக்கும்.” அவர் குரல் உயரவில்லை. “இங்கன நெஞ்சளவுத் தண்ணி. நின்னுட்டோம். அங்கன எங்க நிக்க? ரெண்டு பயலுவளும் பின்னாலதான் உக்காந்திருப்பானுவ.”

மேஸ்திரி தண்ணீரிலேயே நின்றார். துண்டு தோளிலிருந்து நழுவி மிதந்து போனதை அவர் கவனிக்கவில்லை. எனக்கு அன்று செய்தி எழுத வரவில்லை.

படகு பட்டறைக்குத் திரும்பியது. மேஸ்திரி கூரைக்கடியில் அதைச் சுற்றிப் படுதா கட்டி, தேங்காய்ச் சிரட்டைக் கனலை இரும்புச் சட்டியில் போட்டு, எட்டத்தில் வைத்து, உள்ளே காற்றைக் காயவைத்தார். பட்டியை முழுக்கச் சுரண்டி, துணி வைத்துப் பசை பூசினார். அது கல்லாக இறுகும்வரை பெயின்டரை உள்ளே விடவில்லை.

இரண்டாம் முறை கூட்டம் இல்லை; நானும் பட்டறை ஆட்களும் மட்டும். சூடமும் இல்லை. துளைகளைத் தக்கையால் அடைத்துப் படகைக் கரையோரம் இறக்கினார்கள். படகுக்காரர் தக்கைகளைப் பிடுங்க ஏறப்போனபோது மேஸ்திரி அவர் தோளைப் பிடித்தார்.

“நீரு தொட்டிய மட்டும் பாரும். பின்னால நான் உக்காருதேன்.”

“ஒமக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியாது.”

மேஸ்திரி பின்தடுப்புக்கு அப்பால் இறங்கி, அந்த மூலையில் குந்தினார். இரண்டு கைகளையும் தடுப்பின் மேல் வைத்துக்கொண்டார். படகை ஆழமான பக்கத்துக்குத் தள்ளியதும் தக்கைகள் ஒவ்வொன்றாக வந்தன. தொட்டி நிறைந்தது. படகு தாழ்ந்து, நின்றது. அவர் கண்கள் மூடியிருந்தன.

படகுக்காரர் தொட்டியிலிருந்து எட்டிப் பார்த்து, வெகுநேரம் கழித்துச் சொன்னார்: “போதும் அண்ணாச்சி. ஏறி வாரும்.”

மேஸ்திரி கண்ணைத் திறந்து, மூலையை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்துப் பார்த்தார். கை உலர்ந்திருந்தது. அதை எங்களுக்குத் தூக்கிக் காட்டினார்.